முழங்காலுக்கு அடியில் ஒரு காபி

"என் தம்பி நடிக்கல," என்றாள் ஆனிலா.

"ஊரே நடிப்புன்னு கை தட்டுதேம்மா," என்றேன்.

மேஜைக்கு அடியில் தீலா அக்காவின் பூட்ஸ் என் காலை மிதித்தது. நன்றாகவே மிதித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஃபாடில். ஷ்கோத்ரா நகரக் கடைத்தெருவில் பதினொரு வருஷம் வீடியோ கேசட் கடை நடத்தினேன். கடை படுத்ததும் தீலா அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அக்கா மலைக்காரி. போலீஸில் இருபது வருஷம் இருந்து, மேலதிகாரியை முறைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு பலகாரக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பலகாரக் கடை நன்றாக ஓடுகிறது.

ஆனிலா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். கறுப்புக் கட்டம் போட்ட சாவு நோட்டீஸ். நடுவில் அவள் தம்பி ரெடோனின் போட்டோ, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"பஸ் ஸ்டாப் சுவத்துல ஒட்டியிருந்தான் அந்தத் தயாரிப்பாளர். படத்துக்கு விளம்பரமாம்! எங்கம்மா காய்கறி வாங்கிட்டு வரும்போது அதைப் படிச்சாங்க. பெத்த பிள்ளை சாவை பஸ் ஸ்டாப்புல நின்னு படிச்சாங்க. மூணு நாளா ஆஸ்பத்திரியில இருக்காங்க. கண்ணைத் திறந்தா ஒரே கேள்விதான், அவன் வந்துட்டானான்னு."

இந்தத் தடவை என் காலை யாரும் மிதிக்கவில்லை. நானாகவே தலையைக் குனிந்துகொண்டேன்.

ரெடோன் எடுப்பது ஒரு தனி ரகப் பேய்ப்படம். செய்திப்படம் போலவே இருக்கும். ஒருத்தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், மூச்சு வாங்குவான், திரை ஆடும், கடைசியில் ஆள் போய்விடுவான், டேப் மட்டும் கிடைக்கும். முதல் படம் சர்வாதிகாரி காலத்துச் சிறைச் சுரங்கத்தைப் பற்றியது. அங்கே செத்த கைதிகள் இன்னமும் தாதுவெட்டுகிற சத்தம் கேட்கிறது என்று கதை. படம் வந்த சமயத்தில் இயக்குநரையே காணவில்லை என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு மாதம் கழித்து ஐயா சராந்தா கடற்கரையிலிருந்து வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். அதனால்தான் இப்போது போலீஸில் புகார் கொடுக்கப் போன ஆனிலாவிடம், "கடற்கரையில தேடிப் பாருங்க" என்று சிரித்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை அவன் எடுக்கப் போனது ஷ்த்ரிகாவை. தூங்குகிறவர்களின் ரத்தத்தை உறிஞ்சுகிற சூனியக்காரி. நெர்மால் என்ற மலைக் கிராமத்துக்கு லூலாஷ் என்ற கேமராக்காரனோடு போனான். போய் ஒன்பது நாள். டேப் வந்தது, ஆட்கள் வரவில்லை.

"நாளைக்குக் கணவாயில பனி விழுமாம். விழுந்தா ஏப்ரல் வரைக்கும் பாதை கிடையாது," என்றாள் ஆனிலா. "இன்னிக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க."

தீலா அக்கா ஏற்கனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தயாரிப்பாளர் சோக்ரத் எங்களைப் பார்த்ததும் கையை அகல விரித்தார். "டிவியில முன்னோட்டம் பாத்தீங்களா? ரெண்டே நிமிஷம். ஊரே ஆடிப்போச்சு!"

நானும் பார்த்து ஆடியவன்தான். கல் கோபுர வீடு. துப்பாக்கி நீட்ட மட்டும் இடம் விட்ட சின்ன ஜன்னல்கள். ஆணியில் ஒரு பழைய சட்டை தொங்குகிறது, மார்பில் மஞ்சள் பாரித்த கறை. ரெடோன் கேமராவுக்கு மிக அருகில் வந்து கிசுகிசுக்கிறான்: "நல்லாத்தான் பாத்துக்குறாங்க. சாப்பாடு போடுறாங்க. கதவு திறந்துதான் கிடக்கு. ஆனா வெளிய கால் வெச்சா செத்தேன்." அவன் தோளுக்குப் பின்னால் கதவு விரியத் திறந்திருக்கிறது. வெயில் தெரிகிறது. ஒரு கோழி மேய்கிறது. அதோடு இருட்டு.

நானூறு பேய்ப்படம் பார்த்தவன் சொல்கிறேன், பூட்டிய கதவை வைத்து யாரும் பயமுறுத்திவிடலாம். திறந்த கதவை வைத்துப் பயமுறுத்தினவன் இவன் ஒருத்தன்தான்.

"பின்னணி இசை யார் போட்டது?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான்! டேப்புல வெறும் கோழிச் சத்தம்தான் இருந்துச்சு."

"டேப் எப்படி வந்தது?"

"பால் வண்டிக்காரன் கொண்டாந்து குடுத்தான். லூலாஷ் குடுத்து அனுப்பினானாம். சீட்டுல 'எல்லாரும் பாக்கணும்'னு எழுதியிருந்துச்சு. நானும் எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"அந்தச் சட்டையை யார் மாட்டினது?"

சோக்ரத் யோசித்தார். "எனக்கென்ன தெரியும்? இந்தப் படத்துக்கு ஆர்ட் டைரக்டரே கிடையாது. பட்ஜெட் இடிக்குது."

அக்காவின் முகம் மாறியது. "முழு டேப்பையும் போடுங்க."

"முதல் இருபது நிமிஷம் வெறும் காபிங்க. தூக்கம் வந்துரும்."

"போடுங்க."

தூக்கம்தான் வந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ரெடோன், லூலாஷ், வெள்ளை மீசைக்காரர் ஒருவர். அவர் லூலாஷின் பெரியப்பா ப்ரெங்க் என்று சோக்ரத் சொன்னார். முதல் சுற்றுக் காபி வருகிறது. பெரியவர், தன் கை நடுங்குகிறது, இப்போதெல்லாம் முயலைக்கூடச் சுட முடிவதில்லை என்று புலம்புகிறார். ரெடோன் ஷ்த்ரிகாவைப் பற்றிக் கேட்கிறான். அப்புறம், நெருக்கம் காட்டுவதற்காகத்தான் போல, பெருமையாகச் சொல்கிறான்: "நானும் ஒரு வகையில இந்த ஊர்க்காரன்தான் ஐயா. எங்க தாத்தா இங்க பொறந்தவர். ஸெஃப் பிபா. தலைநகரத்துக்குப் போனப்புறம் பேரை மாத்திக்கிட்டார்."

பெரியவர் எழுந்து போய் இரண்டாவது சுற்றுக் காபி போடுகிறார். ரெடோனுக்கு நெஞ்சில் கை வைத்து மரியாதையாகக் கொடுக்கிறார். அப்புறம் தன் வலது காலை மடக்கித் தூக்கி, தளும்பத் தளும்ப நிறைந்த கோப்பையை முழங்காலுக்கு அடியில் விட்டு லூலாஷிடம் நீட்டுகிறார். லூலாஷ் முகம் வெளுக்க அதை வாங்கி, குடிக்காமல், ஜன்னல் விளிம்பில் வைக்கிறான்.

நான் சிரித்துவிட்டேன். "பெரியவர் சர்க்கஸ்ல இருந்தாரோ?"

அக்கா சிரிக்கவில்லை. அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு டேப்பை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது என் படம்!" என்றார் சோக்ரத்.

"சாயங்காலத்துக்குள்ள ஊர்ல ஒட்டின ஒவ்வொரு நோட்டீஸையும் உங்க கையாலயே கிழிக்கிறீங்க. அப்புறம் பேசலாம்." என் பக்கம் திரும்பினாள். "ஃபாடில், காரை எடு. ஆனிலாவையும் கூப்பிடு."

"அந்தப் பொண்ணு எதுக்குக்கா? வழியெல்லாம் அழுமே."

"கூப்பிடுன்னா கூப்பிடு."

என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயசு பென்ஸ். ஏற்றத்தில் என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கும். பாதி கட்டின வீடுகளைத் தாண்டினோம். கண்ணேறு படாமல் இருக்க மொட்டை மாடிக் கம்பிகளில் துணிக்கரடிகளைத் தூக்குப் போட்டிருந்தார்கள். அப்புறம் வீடுகளும் நின்றுபோய் வெறும் பாறையும் வளைவும்தான். மேலே மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. அக்கா நிமிஷத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் காபி விஷயம் என்னன்னு சொல்லுங்க. மண்டை வெடிச்சிரும்."

"டவுன்ல பொறந்தவனுக்கு அது சர்க்கஸ்தான்," என்றாள் அக்கா. "மலையில, சொந்தத்துல ஒருத்தரைக் கொன்னவனைப் பழி வாங்காம சும்மா இருக்கிற ஆம்பளைக்குக் காபியை அப்படித்தான் குடுப்பாங்க, முழங்காலுக்கு அடியில. நீ ஆம்பளையான்னு கேக்கறதுக்குச் சமம். அந்தச் சட்டை சுடப்பட்டவனோடது. பழி தீர்ற வரைக்கும் அதை ஆணியிலேருந்து எடுக்க மாட்டாங்க."

"சர்வாதிகாரி காலத்துலயே இதெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்."

"ஒழியல. பெட்டிக்குள்ள பூட்டி வெச்சாங்க. பூட்டு உடைஞ்சதும் ஒவ்வொருத்தரா வெளிய எடுத்தாங்க."

எனக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. ரெடோன் தாத்தா பேரைச் சொன்னான். அதற்கு அப்புறம்தான் இரண்டாவது காபி வந்தது. "அப்போ... டேப்புல ரெடோன் பேர் சொன்னானே, அந்தத் தாத்தா?"

"அந்த வீட்டு ஆளைச் சுட்டுட்டு ஓடினவராத்தான் இருக்கணும்," என்று பின்சீட்டிலிருந்து ஆனிலா மெல்லச் சொன்னாள். "எங்க தாத்தா ஒரு நாளும் ஜன்னல் பக்கமா உக்கார மாட்டார். ஏன்னு எங்களுக்கு யாரும் சொல்லல." முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி தானே போய் அவங்க வீட்டுல உக்காந்து பேரையும் சொல்லியிருக்கான். பைத்தியக்காரன்!"

"அப்படின்னா கொலைகாரன் லூலாஷ்!" என்றேன். "கேமராவைப் பிடிச்சவனே ஆளை முடிச்சிருப்பான். அந்த டேப்பு கடைசி வாக்குமூலம்."

"உளறாதே. ரோட்டைப் பாரு," என்றாள் அக்கா. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

நெர்மாலுக்கு முன்னால் ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். கார் அதற்கு மேல் போகாது. முதல் பனித் துகள் கண்ணாடியில் வந்து விழுந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது சனியன். அக்கா ஆனிலாவிடம் சொன்னாள்: "நீ இந்தக் கரையிலயே நில்லு. கார்ல உக்காராதே. மேல இருந்து பாத்தா தெரியிற மாதிரி, பாலம் முடியிற இடத்துல நில்லு. என்ன நடந்தாலும் நகராதே."

நான் கார் ஜாக்கியின் இரும்புக் கம்பியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். பேய் என்றால் ஓடிவிடலாம், கேமராக்காரனை நம்ப முடியாது.

பாலத்திலிருந்து கோபுரத்துக்கு முந்நூறு அடி ஏற்றம். மறைய ஒரு மரம் கிடையாது. வேலிக்கு வெளியிலேயே அக்கா நின்றாள். நாய் குரைத்தது. "வீட்டுக்காரரே! விருந்தாளி வரலாமா?" என்று குரல் கொடுத்தாள்.

வெள்ளை மீசைப் பெரியவர் வாசலுக்கு வந்தார். டேப்பில் பார்த்ததைவிட உயரம். தோளில் துப்பாக்கி. எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க," என்றார். "வீடு உங்களுது."

உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது ரெடோன்தான். உயிரோடு இருந்தான்! அடுப்புப் பக்கத்தில் சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது நாள் தாடியோடு, கொஞ்சம் சதையும் போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் விக்கினான். அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் குறுக்கே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் லூலாஷ்.

நான் கம்பியை உருவினேன். "நகருடா அங்கேருந்து!"

"உள்ள வை அதை," என்றாள் அக்கா. "அவன் வழியை மறிக்கல. காவல் காக்கிறான்."

"என்னது?"

அக்கா ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். வரிசையாக எட்டுக் கோப்பைகள். எட்டும் நிறைந்து, ஆறி, மேலே ஆடை கட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

"விருந்தாளியா உள்ள வந்தவனை இந்த வீட்டுக்குள்ள யாரும் தொட முடியாது. விரோதியா இருந்தாலும் சரி. ரெடோன் உயிர் தப்ப இந்த மலையில ஒரே ஒரு இடம்தான் இருக்கு, அவனைக் கொல்ல வேண்டியவன் வீடு. வெளிய கால் வெச்சா விருந்தாளி கணக்கு முடிஞ்சுபோச்சு. அதான் கதவு திறந்தே கிடக்கு." லூலாஷ் பக்கம் திரும்பினாள். "டேப்பை அனுப்பினது உதவி கேட்டுத்தானே?"

லூலாஷ் சிவந்த கண்களோடு நிமிர்ந்தான். "எழுதிக் குடுத்தா பெரியப்பாவைக் காட்டிக் குடுத்த மாதிரி. டேப்பைப் பார்த்தா மலைக்காரங்க யாராவது புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். என்ன பண்ணினாங்க?"

"இசை போட்டாங்க," என்றேன்.

"நான் நிஜமாத்தான் சொன்னேன்!" என்று கத்தினான் ரெடோன். "கேமரா முன்னாடி நின்னு செத்துப்போவேன்னு சொன்னேன்! யாருமே நம்பலையா?"

"பிரமாதமா நடிச்சிருக்கேன்னு சொல்றாங்க."

அவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது. ஆயிரம் பொய்யை நிஜம் போல எடுத்தவன், ஒரே ஒரு நிஜத்தைச் சொன்னபோது கைதட்டல்தான் கிடைத்தது.

"நீயே கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்றேன் லூலாஷிடம்.

"என்கூட வெளிய வந்தா கடைசியில நான்தான் சுடணும். பொம்பளை கூட நடக்கிறவனைச் சுடக் கூடாது, அது ஒண்ணுதான் வழி. இந்த வீட்டுல பொம்பளை கிடையாது. ஒன்பது நாளா ஒரு பொம்பளை வர மாட்டாளான்னு காத்துக்கிட்டிருக்கேன்."

"நான் முப்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா பெரியவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, இவனை நான் கூட்டிட்டுப் போறேன்."

ப்ரெங்க் சட்டையைப் பார்த்தார். "எங்கப்பா விழுந்தப்போ எனக்குப் பத்து வயசு. அந்தக் கறையை நான்தான் முதல்ல பார்த்தேன்." அக்கா பக்கம் திரும்பினார். "நீ பொம்பளை. உன்னை நான் தடுக்க முடியாது. ஆனா நீ அவனுக்குச் சொந்தம் இல்லை, உன் காவல் ஊர் எல்லைப் பாலம் வரைக்கும்தான். அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் இவனோட சொந்த அக்கா நிக்கிறா."

அப்போதுதான் எனக்கு ஆனிலாவைக் கூட்டி வந்த காரணம் புரிந்தது. பெரியவர் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பனியில், ஒரு சிவப்புக் கோட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆயுசு முழுக்க அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டேவா நடப்பான்?" என்றார் அவர். அடுப்பிலிருந்து பாத்திரத்தை எடுத்துக் காபியை ஊற்றினார். காலை மடக்கினார். கோப்பை முழங்காலுக்கு அடியில் லூலாஷைப் பார்த்து நீண்டது. "இன்னிக்கு ஒன்பதாவது. நான் கை நடுங்குற கிழவன். நீ என்ன சொல்றே?"

லூலாஷ் எழுந்தான். கோப்பையை வாங்கினான். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகவில்லை. பெரியப்பாவின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தான்.

"நாளைக்கும் இப்படியே குடுங்க பெரியப்பா. சாகுற வரைக்கும் இப்படியே குடுங்க. நான் குடிச்சுக்கிறேன்."

அந்த மலையில் ஒரு ஆண் இதைவிடப் பெரிய அவமானத்தை வாயில் ஊற்றிக்கொள்ள முடியாது. அவன் அதை நண்பனுக்காகக் குடித்தான். ரெடோன் அழுதான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கிளம்பு," என்றாள் அக்கா. ரெடோனின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

முந்நூறு அடி. ஓடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். பனி கனமாக விழுந்தது. என் முதுகு முழுக்க அரித்தது. என்னைச் சுட அங்கே யாருக்கும் காரணம் இல்லை, ஆனால் அதை என் முதுகுக்கு யார் சொல்வது? ரெடோன் நடுவில் நின்றான். "கேமரா! கேமராவை விட்டுட்டேன்! க்ளைமாக்ஸ் முழுக்க அதுல..."

"இன்னொரு வார்த்தை பேசினே, கையை விட்டுருவேன்," என்றாள் அக்கா. அவன் வாயைத் திறக்கவே இல்லை.

பாலத்தின் முடிவில் ஆனிலா நின்றாள். கோட்டெல்லாம் வெள்ளை. தம்பியைப் பார்த்ததும் முதலில் ஓர் அறை விட்டாள், அப்புறம் கட்டிக்கொண்டாள். கைப்பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள். "அம்மா முன்னாடி நின்னு நீயே கிழிச்சுப் போடு," என்றாள்.

அவர்கள் காருக்குப் போன பிறகு நான் அக்காவிடம் குனிந்து கேட்டேன். "லூலாஷ் சுட மாட்டான், சரி. அந்தப் பெரியவரே எடுத்துச் சுட்டிருந்தா? இன்னிக்கு இல்லேன்னாலும் ஒரு நாள்?"

"அவருக்குத்தான் கை நடுங்குதே."

"நிஜமாவாக்கா?"

"தளும்பத் தளும்ப ஊத்தி, காலைத் தூக்கி, முழங்காலுக்கு அடியில நீட்டினாரே. டேப்புல பாத்தே. இப்போ நேர்லயும் பாத்தே. ஒரு சொட்டு சிந்திச்சா? சுட மனசில்லாதவருக்கு நடுக்கம் ஒரு சாக்கு."

நான் திரும்பி மேலே பார்த்தேன். கோபுர வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் லூலாஷ். இரண்டு பேர் கையிலும் கோப்பை இருந்தது. கொட்டுகிற பனியிலும் பெரியவரின் கை ஆடாமல் அசையாமல் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனது.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். கோப்பையைக் கீழே இறக்கினார். கை நடுங்க ஆரம்பித்தது.